ஈ.எல். இலக்க மைனரும் மூடிய பொருளாதாரத்தின் கராஜ்களும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன் கொழும்பிலிருந்து இரண்டு பேர் எங்கள் வீடு தேடி வந்தார்கள். மர்ஹூம் வாப்பாவின் மொரிஸ் மைனரை விலை கேட்டார்கள். தகரக் கொட்டிலுக்குள் ஆறு வருடமாக ஓடாமல் நிற்கும் காருக்குப் பதினைந்து இலட்சம் சொன்னார்கள். தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. உம்மா ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி எடுக்க உள்ளே போய்விட்டார். நான் ஒரு மாதத் தவணை கேட்டேன்.

அன்றிலிருந்து பின்னேரங்களில் அந்தக் கொட்டிலுக்குள்தான் இருக்கிறேன். நான் பாடசாலையில் வரலாறு படிப்பிப்பவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1948, 1956, 1970, 1977 என்று கரும்பலகையில் எழுதுகிறேன், பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த ஆண்டுகள் எல்லாம் எங்கள் கொட்டிலுக்குள்ளேயே நின்றிருக்கின்றன என்பது துருவைச் சுரண்டும்போதுதான் எனக்கு உறைத்தது.

மைனரின் பிறப்பும் 1948தான். அந்த வருடம் ஒக்டோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அதை முதன்முதலாகக் காட்டினார்கள். வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். இவர் துருக்கியின் இஸ்மீர் நகரில் பிறந்தவர். அந்த நகரை அப்போது ஸ்மேர்னா என்பார்கள். கார் ஒடுங்கலாக இருக்கிறதென்று கடைசி நேரத்தில் அவருக்குத் தோன்ற, மாதிரி வண்டியை நடுவில் நீளவாக்கில் வெட்டச் செய்து, இரண்டு பாதியையும் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். பம்பர்கள் அதற்குள் செய்து முடிந்துவிட்டதால் அவற்றையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு தகடு ஒட்டினார்கள். ஆரம்பகால மைனர்களின் பம்பர் நடுவில் அந்த ஒட்டைப் பார்க்கலாம். பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டையும் அதே நான்கு அங்குலத்தின் கதைதான். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு இந்தக் கார் கொஞ்சமும் பிடிக்கவில்லை, உடைத்து வெந்நீரில் அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்றாராம். அந்த முட்டைதான் 1960 டிசம்பரில் பத்து இலட்சத்தைத் தொட்டது. பிரித்தானியக் கார் ஒன்று அந்த எண்ணிக்கையை எட்டியது அதுவே முதல் தடவை.

எங்களுடையது 1955. முன் கண்ணாடி இரண்டு துண்டு. திரும்பும்போது பக்கத் தூணிலிருந்து ஒரு குட்டிக் கை வெளியே நீண்டு ஒளிரும். 803 சிசி என்ஜின், முப்பது குதிரைவலு. இன்றைய மோட்டார் சைக்கிள்களில் இதைவிட வலுவானவை உண்டு. மாத்தளைக்குப் போகும்போது பலகடுவ ஏற்றத்தில் வாப்பா இரண்டாவது கியரிலேயே போவார். பின்னால் வரும் பஸ்காரர் ஹோர்ன் அடிக்க அடிக்க எங்களுக்கு வெட்கமாக இருக்கும். வாப்பா சிரித்துக்கொண்டே, "அவன் போகட்டும் மகன், மலை எங்கயும் ஓடாது" என்பார்.

இலக்கத் தகட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கார் ஈ.எல். இலக்கம். சி.எல்., சி.என்., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. எல்லாமே ஆங்கிலத்தில் சிலோன் என்ற பெயரின் எழுத்துகளிலிருந்து கோத்தவை. 1956 வந்தது, சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அடுத்த வருடம் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ ஏறியது. 1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பஸ் கம்பனிகளை அரசு எடுத்து இலங்கை போக்குவரத்துச் சபையை உண்டாக்கியது. அந்தச் சபையின் ஸ்ரீ இலக்க பஸ்கள் வடக்குக்குப் போனபோது தமிழரசுக் கட்சியினர் அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ் எழுத்துப் பலகைகளில் தார் பூசினார்கள். அந்த மே மாதம் நடந்ததை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. ஒரு தகட்டில் ஓர் எழுத்து. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்த தவணை எங்கள் ஈ.எல். தகட்டையே கழற்றி வகுப்புக்குக் கொண்டுபோக நினைத்திருக்கிறேன்.

இனித்தான் கராஜ் விஷயம். 1960களின் தொடக்கத்தில் நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி கரைந்ததும் கார் இறக்குமதி இறுகியது. 1970இல் வந்த கூட்டரசாங்கத்தின் காலத்தில் கதவு கிட்டத்தட்ட மூடியே விட்டது. பாணுக்கு வரிசை. அரிசியைக்கூட அளவுக்கு மேல் ஊர்விட்டு ஊர் கொண்டுபோக முடியாது. வீதித் தடைகளில் எங்கள் மைனரின் பின்பெட்டியைத் திறந்து அரிசி தேடியதை அப்பா, அதாவது வாப்பாவின் வாப்பா, கதை கதையாகச் சொல்வார். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு பிஸ்டன் ரிங் எங்கே வாங்குவது?

வாங்கவில்லை, செய்தார்கள். தேய்ந்த சிலிண்டருக்குள் லைனர் அடித்து மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். சுமார் பத்து வயதில் நான் கண்ணால் கண்டது இது: கேஸ்கட் இல்லையென்றால் தடித்த அட்டையை என்ஜின் முகத்தில் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பு சுற்றி மெல்லத் தட்டுவார் பாஸ். உலோக விளிம்பே அட்டையை வெட்டிவிடும். அளவு நாடாவும் தேவையில்லை, கத்தியும் தேவையில்லை. ஒடிந்த அச்சு லேத்துக்குப் போகும். ஓடாத காரொன்றை மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்து, ஆளுக்கொரு பாகம் எடுத்துக்கொண்டதும் உண்டு. கொழும்பு பஞ்சிகாவத்தை அந்தக் காலத்தில் கார்க்காரர்களின் மருந்துக் கடை. கிடைக்காததைத் தேடி அங்கேதான் போக வேண்டும்.

பாஸ் என்ற சொல்லையே பாருங்கள். ஒல்லாந்தர் விட்டுப்போனது. அவர்களுக்கு அது எஜமான். எங்களுக்கு மேசன் பாஸ், தச்சு பாஸ், டிங்கரிங் பாஸ். கையில் தொழில் உள்ளவனை எஜமான் என்று கூப்பிடும் வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

1977இல் ஜே.ஆர். அரசு கதவைத் திறந்ததும் ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன. பழைய ஆங்கிலக் கார்கள் ஓரம்கட்டப்பட்டன. ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில் படித்த கைகள் அப்படியே இருந்தன. அவற்றின் அருமை இங்கிலாந்தில் ஒருவருக்குத் தெரிந்தது. பாத் நகரில் 1976இல் மொரிஸ் மைனர் சென்டரைத் தொடங்கிய சார்ல்ஸ் வெயர்தான் அவர். காரைத் தூக்கி எறியாமல் திருத்தித் திருத்தி ஓட்டுவதே இலாபம் என்று 1980களிலேயே புத்தகம் எழுதியவர். 1990களில் எங்கள் நாட்டின் தென்பகுதியைச் சேர்ந்த தனபால சமரசேகரவோடு கூட்டுச் சேர்ந்து, மைனருக்கான தகட்டுப் பாகங்களை இங்கே செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்தார். நினைத்துப் பாருங்கள். ஒக்ஸ்ஃபோர்டில் பிறந்த காருக்கு மட்கார்ட் இலங்கையிலிருந்து போயிருக்கிறது.

தம்பியின் யோசனை வேறு. விற்க மனமில்லையென்றால் நிசான் சனியின் ஏ12 என்ஜினைப் போடுவோம் என்கிறான். நம் பக்கத்தில் இது புதிதில்லை. எத்தனையோ மைனர்கள் நிசான் இதயத்தோடுதான் ஓடுகின்றன. பலகடுவையில் மூன்றாவது கியரில் போகலாம், பாகங்களும் எடுக்கலாம். அமெரிக்காவில் இதை ஹொட் ரொட் என்பார்கள். 1930களில் கலிபோர்னியாவின் வற்றிய ஏரிகளில் பழைய ஃபோர்டுகளின் மட்கார்டைக் கழற்றி எறிந்து, என்ஜினைக் கூட்டி, பையன்கள் வேகம் பார்த்தார்கள். யுத்தம் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் அதைப் பெரிதாக்கினார்கள். 1948 ஜனவரியில் அதற்கென்றே ஒரு சஞ்சிகையும் வந்தது. எங்கள் பாஸ்மாரும் என்ஜின் மாற்றினார்கள். வேகத்துக்காக மாற்றியவர் மிகக் குறைவு. நாளைக்குக் காலையில் கார் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

தம்பியை மடக்கத்தான் நிசானின் வரலாற்றைத் தேடினேன், அது அவன் பக்கமே போய்விட்டது. 1952இல் நிசான் இங்கிலாந்தின் ஒஸ்டினோடு ஒப்பந்தம் செய்து, ஒஸ்டின் கார்களை ஜப்பானில் பூட்டித்தான் நவீன என்ஜின் தொழிலைப் படித்தது. அதே வருடத்தில்தான் ஒஸ்டினும் மொரிஸும் ஒன்றிணைந்தன, ஒஸ்டினின் என்ஜின் மைனருக்குள் வந்தது. அப்படியென்றால் நிசான் என்ஜின் எங்கள் காருக்கு முழு அந்நியமில்லை, ஒரே உஸ்தாதிடம் ஓதிய இரண்டு பிள்ளைகள் மாதிரி. இதைத் தம்பியிடம் சொல்லியிருக்கக் கூடாது. இப்போது வருகிற போகிறவர்களுக்கெல்லாம் அவன்தான் சொல்கிறான்.

பிறகு எங்கள் பழைய பாஸ் உன்னஹேயைப் போய்ப் பார்த்தேன். எழுபத்தைந்து தாண்டிவிட்டார். கராஜைப் பூட்டி நான்கு வருடம். மகன் கட்டாரில். பேர்க்கின்ஸனாக இருக்கலாம், கை நடுங்குகிறது. த்ரீவீலில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்தேன். காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். முன் சில்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, என்னைக் கீழே படுக்கச் சொன்னார்.

"சேர், ட்ரன்னியன் தேய்ந்துவிட்டது. இதோடு வீதியில் இறங்கினால் சில்லு மடிந்து உள்ளே போகும்."

மைனரின் பெரிய பலவீனம் அது. முன் சில்லைத் தாங்கும் கீழ் மூட்டில் மரை இருக்கிறது. ஆயிரம் மைலுக்கு ஒரு தரம் கிரீஸ் அடிக்காவிட்டால் அந்த மரை தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். வாப்பா கடைசி வருடங்களில் அடிக்கவில்லை. முழங்கால் வலி, குனிய முடியாது. என்னிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அடித்திருப்பேனா என்று கேட்காதீர்கள், பரீட்சை விடைத்தாள் கட்டு மேசையில் இருந்திருக்கும். அந்தக் காரில்தான் உம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் கூட்டிப்போய் வந்தார். அல்லாஹ் காப்பாற்றியிருக்கிறான்.

என்ஜினைப் பற்றிக் கேட்டேன். 803இன் கொன்றொட் பெயாரிங் சீக்கிரம் போகக்கூடியது, தலைவலியும் கூட, ஆனால் திறந்து பார்க்காமல் செத்தது என்று சொல்லக்கூடாது என்றார். தன் கை இனிச் சாவி பிடிக்காது, கதிரை போட்டுத் தந்தால் பக்கத்தில் இருந்து சொல்லுவேன் என்றார். தம்பியைப் பார்த்தேன். நிசான் என்ஜின் பேசிவைத்த ஆளுக்கு அவன் போன் எடுக்கவில்லை. பாஸின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். ஐந்து வருடம். 2022இல் பெற்றோலுக்கு நாம் நின்ற வரிசையும் கியூஆர் கோடும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஐந்து வருடத்தில் ஊரில் உள்ள பழைய கார்களை ஓட வைத்தது யார்? அறுபது எழுபது வயதுக்காரர்கள். அவர்களுக்குக் கீழே படிக்க நின்ற பையன்கள் என் கணக்கில் ஒரு கை விரலுக்குள். சாதாரண தரம் எழுதிவிட்டு நிற்கும் என் பழைய மாணவர்கள் இருவரிடம் சொல்லியிருக்கிறேன், வருகிறோம் என்கிறார்கள். சம்பளம் தர முடியாது, பகல் சாப்பாடு உம்மாவின் பொறுப்பு.

கொழும்புக்காரர்களின் தவணை முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. பதினைந்து இலட்சம் சின்னக் காசில்லை, வீட்டுக் கூரையும் ஒழுகுகிறது. உம்மாவிடம் கடைசியாகக் கேட்டேன். "முதல்ல ஓட வைங்க, பொறகு விக்கிறதப் பத்திக் கதைப்பம்" என்றார்.

இந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு என்ஜின் தலையைத் திறக்கிறோம். அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, மாத்தளைப் பக்கம் யாரிடமாவது 803க்குரிய கொன்றொட் பெயாரிங் செட் அல்லது வலது பக்கக் கீழ் ட்ரன்னியன், பழையதானாலும் பரவாயில்லை, கொட்டிலில் கிடந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். வந்து எடுத்துக்கொள்கிறேன்.