பாலிங் மேசையும் பேராக் தோட்டங்களும்: மார்க் தேயின் ஆவண நாடகம்

மலேசிய வரலாற்றை அரங்கின் வழி ஆராய்ந்து வருவோருள் 1981-இல் பிறந்த மார்க் தே குறிப்பிடத்தக்கவர். நாடக இயக்குநராகவும் கலைவழி ஆய்வாளராகவும் இயங்கும் அவர், 1984-இல் தோன்றிய ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் கலைக்குழுவைச் சார்ந்தவர். அவரது 'பாலிங்' நாடகத்தைப் பேராக் தோட்டத் தமிழர் வரலாற்றோடு இணைத்து நோக்க இக்கட்டுரையில் முனைகிறோம்.

1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில், கெடா மாநிலத்துப் பாலிங் சிற்றூரின் பள்ளி ஒன்றில் சமாதானப் பேச்சு நடைபெற்றது. துங்கு அப்துல் ரஹ்மான், டேவிட் மார்ஷல், டான் செங் லோக் ஆகியோர் ஒருபுறமும், மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் சின் பெங், சென் தியன், ரஷீத் மைடின் ஆகியோர் மறுபுறமும் அமர்ந்தனர். 'சரணடைதல்' என்பதிலும் கட்சிக்கு அங்கீகாரம் அளிப்பதிலும் பேச்சு முறிந்தது. அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது.

இப்பேச்சின் எழுத்துப்பதிவை மார்க் தே 2005 முதல் பல வடிவங்களில் மேடைக்குக் கொணர்ந்தார். 2015-ஆம் ஆண்டு வடிவம் தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் அரங்கேறியது. நடிகர்கள் தலைவர்களாக வேடம் புனைவதில்லை. பதிவேட்டை மாறி மாறி வாசிக்கின்றனர். வீரர் எவர், துரோகி எவர் என்னும் தீர்ப்பு பார்வையாளரிடமே விடப்படுகிறது. 2019-இல் அவர் உருவாக்கிய 'எ நோஷனல் ஹிஸ்டரி' பள்ளி வரலாற்றுப் பாடநூலையே வினாவுக்கு உட்படுத்தியது.

சின் பெங் சித்தியவானிலும் ரஷீத் மைடின் கோப்பெங்கிலும் பிறந்தவர்கள். அவசரகாலத்தின் உடனடிக் காரணமும் பேராக்கிலேயே நிகழ்ந்தது: 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டனர். தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழரும் அக்காலத்தின் இன்னல்களுக்கு உள்ளாயினர். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். எனினும் பாலிங் மேசையின் இரு புறத்திலும் இந்தியர் ஒருவர்கூட இடம்பெறவில்லை.

பதிவேட்டை அவ்வண்ணமே ஒலிக்கச் செய்யும் இந்நாடகம், அதில் ஒலிக்காத குரல்களையும் நமக்கு உணர்த்துகிறது எனலாம். ஆவணத்தில் இல்லாததை மேடை புனைந்து நிரப்புதல் தகாது. அதனைத் தேடிச் சேர்த்தல் ஆய்வாளர் கடன். ஈப்போ வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடமளித்துவிட்டன. லயங்களில் வாழ்ந்தோர் சிதறிவிட்டனர். 1948-இல் பத்து வயதுச் சிறாராய் இருந்தோர் இன்று தொண்ணூறை நெருங்குகின்றனர். அவர்தம் வாய்மொழியைப் பதிவு செய்ய நமக்கு எஞ்சியுள்ள காலம் சிறிதே.