எழுபத்திரண்டில் ஒரு பங்கு

மெல்பேர்ணில் ஒரு ஞாயிறுச் சந்தையில் பழைய பெட்டியொன்று கிடைத்தது. எயர்பிக்ஸ் நிறுவனம் 1960இல் வெளியிட்ட டக்கோட்டா விமானத்தின் பிளாஸ்ரிக் மாதிரி. எயர் சிலோனின் முதல் விமானங்களும் டக்கோட்டாக்களே. 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையில் கிளம்பிய அதன் முதற்சேவை, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் போனது. காங்கேசன்துறை என்று சொல்லப்பட்டது, இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியர் அமைத்த பலாலி ஓடுதளத்தை. 1949இல் எயர் சிலோனின் 49 வீதப் பங்கை வாங்கியது, மெல்பேர்ணைத் தலைமையிடமாகக் கொண்ட அவுஸ்திரேலியன் நஷனல் எயர்வேஸ். ஊரையும் இந்நகரையும் ஒரு விமானசேவை முன்பே தொட்டிருக்கிறது என்பது எனக்கு இங்கு வந்தபின்தான் தெரியும்.

மாதிரியின் உடலெங்கும் றிவெற் ஆணித்தலைகள் வேர்க்குருபோலப் புடைத்திருந்தன. அளவு 1/72. அதில் அரை மில்லிமீற்றர் புள்ளி, நிஜத்தில் 36 மில்லிமீற்றர். அவ்வளவு பெரிய ஆணியை எவரும் இறக்கையில் அடிக்கமாட்டார்கள்.

வழக்கமான வைத்தியம் எல்லாவற்றையும் அரத்தாளால் வழித்தெடுத்து, டைமோ நாடாவை விளிம்பாக ஒட்டி, ஊசிமுனையால் தகட்டுக் கோடுகளைப் புதிதாகக் கீறுவது. எயர்பிக்ஸே 2014இல் குழிந்த கோடுகளுடன் புதிய டக்கோட்டாவை வெளியிட்டது. ஆனால் 0.2 மில்லிமீற்றர் கோடு, நிஜத்தில் 14 மில்லிமீற்றர் பள்ளம். அதுவும் பொய்தான்.

மூரபின் விமான அருங்காட்சியகத்தில் நிற்கும் டிசி-3ஐப் போய்ப் பார்த்தேன். தகடுகள் ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஆணித்தலைகள் விரலுக்குத் தெரிந்தன. பத்தடி தள்ளி நின்றால் காணோம்.

சிறுவயதில் பலாலி வேலியோரம் நின்று டக்கோட்டா பார்த்த பெரியப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"ஆணியை ஆர் தம்பி பார்த்தது? வெள்ளி மாதிரி மினுங்கினது."

எனக்குப் பலாலி என்றால் படைமுகாம். ஷெல் வரும் திசை. 1990இல் சுற்றுக்கிராமத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பத்து வயது. அந்த ஓடுதளத்தில் ஒரு பொடியன் சந்தோஷமாக விமானம் பார்த்திருப்பான் என்று நான் நினைத்ததேயில்லை. 2019 நவம்பரில் அங்கிருந்து சென்னைக்குச் சேவை மீண்டும் தொடங்கியபோது, புதிதாக ஒன்று வந்ததுபோலத்தான் எங்களிற் பலர் பேசினோம். 1947 எங்கள் கதையிலிருந்தே வழிக்கப்பட்டிருந்தது.

தரவுகளைச் சுத்தம் செய்வது என் தொழில். அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது சுலபம். பழையது எங்கே இருந்தது என்பது பிறகு தெரியாது. ஆகவே மாதிரியை முழுக்க வழிக்கவில்லை. 1000 இலக்க அரத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஆணித்தலைகள் கண்ணுக்கு மறைந்து விரலுக்கு மட்டும் மிஞ்சும்வரை தேய்த்தேன். மூன்று கிழமை எடுத்தது. வெள்ளிப் பூச்சு அடித்தேன். பெட்டியில் எயர் சிலோன் எழுத்துகள் இல்லை. நானே அச்சிட்டு ஒட்டினேன்.

மகள் கையில் எடுத்து இறக்கையைத் தடவினாள். "இது எங்க போறது அப்பா?"

சென்னைக்கு என்றேன். வழியில் எங்கள் ஊரில் இறங்கும்.