கிரிக்கெட் 07 யாருக்குச் சொந்தம்?

கேமை இறுவட்டாக வாங்குவதா, டவுன்லோட் செய்வதா? வெளிநாடுகளில் இந்த விவாதம் 'சொந்தம்' என்ற சொல்லைச் சுற்றித்தான் நடக்குது. இறுவட்டு உங்கட பொருள். இரவல் குடுக்கலாம், விற்கலாம். டவுன்லோட் செய்தால் கிடைப்பது விளையாடும் அனுமதி மட்டும். சரியான வாதம்தான். ஆனால் திருகோணமலையில் நின்று பார்த்தால் கதை வேற.

உலகம் மெச்சும் இயற்கைத் துறைமுகம் எங்கட ஊரில் இருக்கு. அதில் வந்து இறங்குவது கோதுமையும் எண்ணெயும் சீமெந்து மூலப்பொருளும். கேம் இறுவட்டுகள் கொழும்பிலிருந்து தரைவழியாகத்தான் வந்தன. அதுவும் அசல் இல்லை, கொப்பி. எங்களுக்கு முந்தின அண்ணாமார் 'வாங்கின' கேம்களில் அசல் இறுவட்டைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். சட்டப்படி அவர்களுக்கு எதுவுமே சொந்தமில்லை. ஆனால் ஒரு இறுவட்டு ஒரு ஒழுங்கை முழுக்கச் சுற்றியது.

2006 இல் மாவிலாறு, மூதூர் என்று சண்டை மூண்டது. அதே வருட நவம்பரில் ஈஏ நிறுவனத்தின் 'கிரிக்கெட் 07' வெளிவந்தது. அதற்குப் பிறகு ஈஏ அந்தத் தொடரையே கைவிட்டது. அந்தக் கேம் எந்த டிஜிட்டல் கடையிலும் விற்பனைக்கு வரவில்லை. ஆனாலும் இண்டைக்கும் பெடியள் விளையாடுகினம். ரசிகர்களே புது அணிகளையும் புது ஜேர்சிகளையும் செய்து சேர்க்கினம். நிறுவனம் விட்டுட்டுப் போன கேமைக் காப்பாற்றினது கொப்பிகள்தான். உழைத்தவர்களுக்குக் காசு போகவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றை எழுத வேண்டும்.

அப்போ அசல் இறுவட்டு இருந்தால் போதுமா? அதுவும் இல்லை. வால்வ் நிறுவனம் 2003 இல் ஸ்டீமைத் தொடங்கியது. 2004 இல் 'ஹாஃப் லைஃப் 2' இறுவட்டை வாங்கினவர்களும் ஸ்டீம் கணக்குத் திறந்தால்தான் விளையாடலாம் என்றானது. 2014 இல் வந்த யூபிசொஃப்டின் 'த க்ரூ' கேமின் சேர்வர்கள் 2024 மார்ச் 31 இல் நிறுத்தப்பட்டன. இறுவட்டு வைத்திருந்தவர்கள் கையில் மிஞ்சியது வெறும் தட்டு.

டிஜிட்டல் கடையாவது எங்களுக்குத் திறந்திருக்கா? பிளேஸ்டேஷன் கடையின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. வேறு நாட்டுப் பெயரில் கணக்குத் திறந்துதான் உள்ளே போகவேணும். 2022 இல் ரூபா விழுந்தபோது, டொலரில் விலை போட்ட கேம்கள் கைக்கு எட்டாத தூரம் போயின. முந்தி ஒரு இறுவட்டைப் பத்துப் பேர் மாற்றி மாற்றி விளையாடினம். இப்போ ஒவ்வொருத்தரும் தனித்தனியாகக் காசு கட்டவேணும்.

ஆகவே எங்களைப் பொறுத்தவரை கேள்வி இறுவட்டா டவுன்லோடா என்பதல்ல. விற்றவர் கடையைப் பூட்டின பிறகும் அந்தக் கேம் ஓடுமா என்பதுதான். 2008 இல் தொடங்கிய ஜிஓஜி கடையில், இணையம் இல்லாமலே நிறுவக்கூடிய கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் 2025 இலிருந்து, விற்பது அனுமதி மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் கடைகள் 'வாங்கு' என்ற சொல்லைப் பாவிக்க முடியாது. நிரந்தரமாக இறக்கி வைக்கக்கூடிய கேம்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. காசு குடுத்து வாங்குவதென்றால் அப்படி வைத்திருக்கக்கூடியதை வாங்குவம். வீட்டில் கிடக்கும் பழைய இறுவட்டுகளைக் குப்பையில் போட முதல் ஒருக்கா ஓடுதா என்று பாருங்கோ. சண்டைக் காலத்தில் எங்கட ஊர்ப் பிள்ளைகள் என்ன விளையாடினார்கள் என்பதற்கு வேறு ஆவணம் எங்களிடம் இல்லை.