அமெரிக்காவில் சிறப்பு மருத்துவர் ஊதியமும் வட்டார வேறுபாடும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு சிறப்பு மருத்துவரின் வருமானம், அவர் எந்த ஊரில் பணியாற்றுகிறார் என்பதைப் பொறுத்துப் பெரிதும் மாறுபடுகிறது. வாடகையும் விலைவாசியும் மிகுந்த பெருநகரங்களில் ஊதியமும் மிகுந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. வழக்கறிஞர், பொறியாளர் முதலிய பிற தொழிலினரிடம் பெரும்பாலும் அவ்வாறே காணப்படுகிறது. மருத்துவர்களிடமோ இக்கணக்குப் பல இடங்களில் தலைகீழாகிவிடுகிறது. பாஸ்டன், வாஷிங்டன் போன்ற செலவு மிகுந்த நகரங்கள் ஊதியக் கணக்கெடுப்புகளில் அடிக்கடி கீழ்வரிசையில் நிற்கின்றன. மில்வாக்கி போன்ற நடுமேற்கு நகரங்கள் மேலே வந்துவிடுகின்றன. வரியையும் வாழ்க்கைச் செலவையும் கழித்துப் பார்த்தால் இடைவெளி இன்னும் விரிகிறது. இந்நிலை சந்தையால் மட்டும் உருவானதன்று; இதில் சட்டங்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

பழைய கட்டண முறை

1965இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1966 சூலையில் நடைமுறைக்கு வந்தது. மருத்துவர் சங்கங்களின் எதிர்ப்பைத் தணிக்கும் பொருட்டு, அவரவர் ஊரில் வழக்கமாக வாங்கப்படும் கட்டணத்தையே அரசு ஏற்றுக்கொண்டது. ஒரு மருத்துவர் வழக்கமாக வாங்கும் தொகை, அவ்வட்டாரத்தில் நிலவும் தொகை ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு நியாயமான கட்டணம் முடிவு செய்யப்பட்டது. இதன் விளைவாக, முன்பே கட்டணம் உயர்ந்திருந்த ஊர்களில் அது மேலும் உயர்ந்தது. தாழ்ந்திருந்த ஊர்கள் தாழ்ந்தே கிடந்தன. ஒரே அறுவைச் சிகிச்சைக்கு இரு ஊர்களில் இரு விலை. அந்த வேறுபாட்டுக்குச் செலவுக் கணக்கைவிடப் பழைய வழக்கமே பெரிய காரணமாக இருந்தது.

இம்முறையை மாற்றியதில் ஆர்வர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் வில்லியம் சியாவோவின் ஆய்வுக்கு முதன்மையான இடம் உண்டு. ஒவ்வொரு மருத்துவப் பணிக்கும் தேவைப்படும் நேரம், திறன், மன அழுத்தம் ஆகியவற்றை அளந்து, அவற்றுக்கிடையே ஒப்பீட்டு மதிப்பை அவரது குழு வகுத்தது. 1988இல் அம்முடிவுகள் வெளியாயின. 1989இல் நாடாளுமன்றம் அதனடிப்படையில் சட்டம் இயற்ற, 1992 சனவரி 1 முதல் நாடெங்கும் ஒரே கட்டண அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அப்போது ஓர் அலகுக்கு ஏறத்தாழ 31 டாலர் தரப்பட்டது. 2025இல் அது ஏறத்தாழ 32.35 டாலர். விலைவாசி இரு மடங்குக்கு மேல் ஏறிய காலத்தில் அலகின் விலை ஒன்றரை டாலர்கூட ஏறவில்லை.

கால் பங்கு விதி

கட்டணம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது: மருத்துவரின் உழைப்பு, மருத்துவமனையை நடத்தும் செலவு, தவறான சிகிச்சை வழக்குகளுக்கான காப்பீடு. ஒவ்வொரு பகுதிக்கும் வட்டாரச் செலவுக் குறியீடு ஒன்று உண்டு. வாடகை, பணியாளர் சம்பளம் ஆகியவற்றில் வட்டார வேறுபாடு முழுமையாகக் கணக்கில் கொள்ளப்பட்டது. ஆனால் ஏறத்தாழப் பாதிக் கட்டணமாகிய உழைப்புப் பகுதியில், வேறுபாட்டின் கால் பங்கை மட்டுமே சேர்க்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது.

ஓர் ஊரில் படித்த தொழிலினரின் ஊதியம் தேசிய சராசரியைவிட 20 விழுக்காடு கூடுதல் என்று கொள்வோம். அங்குள்ள மருத்துவரின் உழைப்புக்கான தொகை 5 விழுக்காடு மட்டுமே உயரும். ஊதியம் 20 விழுக்காடு குறைந்த ஊரிலோ அத்தொகை 5 விழுக்காடு மட்டுமே குறையும். இவ்வூதியத்தை அளக்க மருத்துவர்களின் சொந்த வருமானம் பயன்படுத்தப்படுவதில்லை. அது மெடிகேர் கட்டணத்தாலேயே உருவாவது என்பதால், பிற தொழிலினரின் ஊதியமே அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. எல்லா ஊரிலும் மருத்துவரின் உழைப்பு ஒன்றே என்பது ஒரு தரப்பின் வாதம். நகரத்தில் வீட்டு வாடகை ஒன்றல்லவே என்பது மறு தரப்பின் வாதம். இரண்டுக்கும் இடையே எட்டப்பட்ட சமரசமே இந்தக் கால் பங்கு. கிராமத்து மருத்துவர் கைக்கொண்ட பணம் அவரது ஊர் விலைவாசியில் கூடுதலாக வாங்கும்படி செய்தது இவ்விதியே.

அப்படியும் கிராமப்புற மாநிலங்கள் நிறைவடையவில்லை. அயோவா மாநிலச் செனட்டர் சார்லசு கிராசுலி போன்றோர் தம் மாநில மருத்துவர்களுக்குக் குறைவாகத் தரப்படுவதாகத் தொடர்ந்து முறையிட்டனர். 2003ஆம் ஆண்டுச் சட்டம், உழைப்புக் குறியீடு எந்த ஊரிலும் தேசிய சராசரியாகிய 1.0க்குக் கீழே போகக்கூடாது என்று 2004 முதல் தரைமட்டம் வகுத்தது. அலாசுகாவுக்கு மட்டும் 2009 முதல் அந்த எண் 1.5.

மறுமுனையில் கலிபோர்னியாவின் சாண்டா குரூசு மாவட்டத்தின் கதை வேறு. 1997இல் நாட்டின் கட்டண வட்டாரங்கள் 210இலிருந்து 89ஆகக் குறைக்கப்பட்டன. சாண்டா குரூசு, வேளாண் மாவட்டங்களும் அடங்கிய 'எஞ்சிய கலிபோர்னியா' என்னும் தொகுப்பில் இருந்தது. மலைக்கு அப்பால் உள்ள சாண்டா கிளாராவோ சிலிக்கான் பள்ளத்தாக்கின் தலைமை இடம். அதற்குத் தனிக் குறியீடு. வீட்டு விலை இரு புறமும் வானளாவியது. கட்டணமோ ஒரு புறம் மட்டும் உயர்ந்தது. 2014இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாக 2017 முதல் படிப்படியாக இக்குறை சரிசெய்யப்பட்டது. இருபது ஆண்டுகள் அதற்குத் தேவைப்பட்டன.

வரியின் பங்கு

நடுவண் அரசின் வருமான வரி எங்கும் ஒன்றே. மாநில வரி அப்படியன்று. டெக்சாசு, புளோரிடா, டென்னசி, நெவாடா, தெற்கு டகோட்டா முதலிய மாநிலங்கள் சம்பளத்துக்கு வரி விதிப்பதில்லை. கலிபோர்னியாவில் உச்ச விகிதம் 13.3 விழுக்காடு. மணமாகாத ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 4 இலட்சம் டாலர் ஈட்டினால், கலிபோர்னியாவில் மாநில வரியாக மட்டும் 30 ஆயிரம் டாலருக்கு மேல் செலுத்த வேண்டியிருக்கும். டெக்சாசில் அது சுழியம். ஆயினும் டெக்சாசில் சொத்து வரி கடுமையானது என்பதை ஊதிய ஒப்பீட்டுப் பட்டியல்கள் பல மறந்துவிடுகின்றன.

முன்னர், மாநிலத்துக்குச் செலுத்திய வரியை நடுவண் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடிந்ததால் இந்தச் சுமை ஓரளவு குறைந்திருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அக்கழிவை 2018 முதல் 10,000 டாலருக்குள் அடக்கியது. நியூயார்க், கலிபோர்னியா மருத்துவர்களுக்கு இது நேரடி இழப்பு. 2025இல் வரம்பு 40,000 டாலராக உயர்த்தப்பட்டாலும், 5 இலட்சம் டாலரைத் தாண்டிய வருமானத்துக்கு அச்சலுகை தேய்ந்துகொண்டே போகிறது. அறுவை மருத்துவர்கள் பலர் நிற்பது அந்த எல்லையை ஒட்டித்தான்.

பற்றாக்குறையும் குடியேறிய மருத்துவர்களும்

மெடிகேர் கட்டணம் ஓர் அடித்தளமே. தனியார் காப்பீட்டு நிறுவனங்களுடன் நடக்கும் பேரமும் உள்ளூர்ப் பற்றாக்குறையும் அதன்மேல் ஊதியத்தைக் கட்டுகின்றன. பாஸ்டனில் மருத்துவக் கல்லூரிகள் செறிந்துள்ளன; ஓர் இடத்துக்குப் பலர் போட்டியிடுகின்றனர். வடக்கு டகோட்டாவின் சிற்றூர் மருத்துவமனையோ ஓர் இதய மருத்துவரை வரவழைக்கவே கூடுதல் தொகையும் ஒப்பந்த ஊக்கத்தொகையும் தர வேண்டியுள்ளது. அந்தத் தொகைக்கு விலையும் உண்டு: ஊரில் இதய மருத்துவர் ஒருவரோ இருவரோ என்றால், இரவு அழைப்புகள் முழுவதும் அவர்கள் தலையில்தான். மணிக்கணக்கில் வகுத்தால் உயர்ந்த ஊதியம் சற்றே சுருங்கிவிடும்.

எல்லா மருத்துவரும் இந்தக் கணக்கைப் போட்டு ஊரைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் இந்தியாவிலிருந்து சென்ற மருத்துவர்களில் பலர், உள்நாட்டு மருத்துவர்கள் தவிர்த்த சிற்றூர்களில் பணியேற்றனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஆபிரகாம் வர்கீசு, டென்னசியின் ஜான்சன் சிட்டியில் 1980களில் பணியாற்றிய காலத்தைப் பற்றி 1994இல் வெளியிட்ட நூலில் அந்த உலகைக் காணலாம்.

அதே 1994இல் வடக்கு டகோட்டாச் செனட்டர் கென்ட் கான்ராடின் பெயரால் ஒரு திட்டம் வந்தது. பயிற்சிக்கு வந்த அயல்நாட்டு மருத்துவர் இரண்டாண்டு தாய்நாடு திரும்ப வேண்டும் என்ற விதியிலிருந்து அது விலக்கு அளித்தது. அதற்கு ஈடாகப் பற்றாக்குறைப் பகுதியில் மூன்றாண்டு பணியாற்ற வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் முதலில் 20 இடங்கள், 2002 முதல் 30. பின்னாளில் சிறப்பு மருத்துவர்களுக்கும் இவ்வழி திறந்தது. விசா நிலை ஒப்பந்தத்தோடு பிணைந்திருப்பதால், பக்கத்து இருக்கையில் அமர்ந்த அமெரிக்க மருத்துவரைப்போல் இவரால் ஊதியம் பேச முடிவதில்லை. அதே ஊர், அதே வரி, அதே வாடகை என்றாலும் இருவரின் பேர வலிமை வேறு.

2004இல் வந்த 1.0 தரைமட்டம் இன்றுவரை நிலையான சட்டமாகவில்லை. குறுகிய காலத்துக்கென்று இயற்றப்பட்ட அது, காலம் முடியும் தறுவாயில் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு வந்துள்ளது.