தாமான்: பாயின் ஓரத்திலிருந்து கயிற்றுக்கு வந்த பெயர்

பாய்த்தோணியில் கயிறு பல உண்டு. பாயை மேலே ஏற்ற ஒன்று, மரத்தைச் சாயாமல் நிறுத்த இரண்டோ மூன்றோ, நங்கூரத்துக்கு ஒன்று. இவற்றையெல்லாம் ஒருமுறை கட்டிவிட்டால் கரை சேரும் வரை அவற்றின் நினைவே வராது. பாயின் கீழ் மூலையிலிருந்து தோணிக்காரரின் கைக்கு வரும் கயிறு மட்டும் அப்படியல்ல. இழுத்தால் பாய் காற்றை அள்ளும். தளர்த்தினால் காற்றைக் கொட்டிவிடும். தோணியின் வேகமும் பிழைப்பும் அந்த ஒரு கயிற்றில்தான். தமிழ்க் கடலோடிகள் அதைத் தாமான் என்பார்கள்.

மட்டக்களப்பு வாவியைப் போல இந்தக் கயிற்றின் அருமையை உணர்த்தும் நீர்நிலை குறைவு. வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கிழக்கே கடலோரமாக எழுவான்கரை, மேற்கே வயலும் காடுமாகப் படுவான்கரை. சூரியன் எழுவதையும் படுவதையும் வைத்துப் பெயரிட்ட இரு கரைகளுக்கும் இடையில்தான் இங்கே போக்குவரத்து. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவே மனிதரையும் வாகனத்தையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு இவ்வூரார் வைத்த பெயரே 'பாதை'. ஆண்டின் நடுப்பகுதியில் மேற்கிலிருந்து வரண்ட கச்சான் வீசும். ஆண்டுக் கடைசியில் வடகிழக்கிலிருந்து வாடை வரும். பகல் ஏறினால் கடலிலிருந்து கொண்டல் எழும். நீளமான வாவிக்குக் குறுக்கே அடிக்கிற காற்று இவை. கரைக்குக் கரை போகிறவருக்கு ஒரு பயணத்தில் காற்று முதுகில் இருக்கும், மறு பயணத்தில் முகத்தில் அடிக்கும். ஆழமில்லாத இடத்தில் கோல் ஊன்றலாம், சவள் போடலாம். காற்றைக் கூலியில்லாத ஆளாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் பாயும் தாமானும் வேண்டும்.

தாமான் என்ற சொல் எங்கிருந்து வந்தது? பார்த்தவுடன் தோன்றும் விடை வடமொழி. அங்கே 'தாமன்' என்றால் கயிறு. இடுப்பில் கயிறு கட்டப்பட்ட கண்ணனுக்குத் தாமோதரன் என்ற பெயர் வந்தது அதனால்தான். பொருளும் கயிறு, ஒலியும் கிட்டத்தட்ட அதே. வழக்கு இத்தோடு முடிந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் வடமொழியில் 'அன்' என்று முடியும் இவ்வகைச் சொற்கள் தமிழுக்கு வரும்போது எப்படி மாறின என்று பாருங்கள். கர்மன் கருமம் ஆயிற்று. ஜன்மன் சன்மம் ஆயிற்று. நாமன் நாமம் ஆயிற்று. அதே வழியில் தாமன் என்பது தாமம் ஆகி, மாலை, கயிறு என்ற பொருள்களோடு நம் இலக்கியத்தில் முன்பே குடியேறிவிட்டது. அதே சொல் இன்னொரு முறை தாமான் என்று நீண்டு, தோணிக்கு மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது என்பதற்குக் காரணம் இல்லை. மாடு கட்டவும் கிணற்றில் நீர் இறைக்கவும் பயன்படும் தாம்புக் கயிறும் உதவாது. தாம்பு எந்தக் கயிறாகவும் இருக்கலாம். தாமான் பாயின் கீழ் மூலைக் கயிறு ஒன்றே.

விடை பாரசீகத்தில் இருக்கிறது. அங்கே 'தாமன்' என்றால் கயிறு அல்ல, துணியின் ஓரம். ஆடையின் கீழ் விளிம்பு, முந்தானை. வளைகுடாவின் அரபுக் கப்பலோட்டிகளும், குஜராத்துக் கடலோடிகளும், கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்களில் கூலிக்குப் போன லஸ்கர்களும் இச்சொல்லைப் பாய்க்கு ஏற்றினார்கள். பாயும் துணிதானே. அதன் கீழ் ஓரம் தாமன். அந்த ஓரத்தைப் பிடிக்கும் கயிறும் தாமன். இந்தத் தீர்ப்புக்குத் துணைச்சாட்சி ஒன்றும் உண்டு. பாயின் காற்று முகத்து மூலையைப் பிடிக்கும் கயிற்றைத் தமிழ்க் கடலோடிகள் கோசு என்றார்கள். பாரசீகத்தில் 'கோஷா' என்றால் மூலை. ஒரே பாயின் இரண்டு மூலைகளுக்கும் ஒரே மொழியிலிருந்து பெயர் வந்திருக்கிறது. தனியாக வந்த சொல்லைச் சந்தேகிக்கலாம். சோடியாக வந்தவற்றைச் சந்தேகிப்பது கடினம். பாயை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான், பாய் தொங்கும் குறுக்குமரத்துக்குப் பருமல், கப்பல் வடத்துக்கு ஆலாத்து என்று நம் அகராதிகளில் கிடக்கும் பெயர்களையும் இவற்றோடு சேர்த்துப் படித்தால், இந்துமாக்கடல் முழுவதும் புழங்கிய ஒரு பொதுக் கடல்மொழியின் சாயல் தெரியும்.

இந்தக் குழப்பத்தின் இரட்டைப் பிள்ளை இன்னொரு சொல்லிலும் இருக்கிறது. மதுரையின் மாட்டுத்தாவணியில் உள்ள தாவணி, மாடுகளை வரிசையாகக் கட்டும் நீண்ட கயிறு. வடமொழிக் 'கயிறு' வழி வந்தது. பெண்பிள்ளைகள் அணியும் தாவணி துணி. உருது வழி வந்தது என்பது அகராதிக்காரர் கொள்கை. கேட்க ஒன்றுபோல் இருந்தாலும் வேர் இரண்டு. தாமான் என்பது பார்வைக்குக் கயிற்றுத் தாவணியின் உறவு போலத் தெரியும். பிறப்பில் அது துணித் தாவணியின் பக்கம்.

ஓரத்தின் பெயர் கயிற்றுக்கு ஏறியது கீழைக்கடலில் மட்டும் நடந்த கதை அல்ல. ஆங்கிலக் கடலோடிகள் இதே கயிற்றை 'ஷீட்' என்கிறார்கள். படுக்கை விரிப்பும் ஷீட், கயிறும் ஷீட் என்பதால் பாயையே அப்படிச் சொல்கிறார்கள் என்று புதிதாகப் படகு பழகுகிறவர் பலர் நினைப்பதுண்டு. பழைய ஆங்கிலத்தில் 'ஷேயாட்டா' என்றால் பாயின் கீழ் மூலை, ஆடையின் மடி. அந்த மூலைக்குரிய கயிறு என்ற நீண்ட பெயர் தேய்ந்து ஷீட் என்று நின்றது. வடகடலோடிகளின் 'ஸ்கவுட்' என்ற சொல்லுக்கும் துணி மூலை, மடி, பாய்க்கயிறு என்று மூன்று பொருளும் உண்டு. போர்த்துக்கேயரின் 'எஸ்கோத்தா' அந்தக் குடும்பத்துப் பிள்ளை. ஒன்றையொன்று அறியாத இரண்டு கடல்களில் மனிதர்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்: கயிறு எதனால் ஆனது என்று பார்க்கவில்லை, துணியின் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்று பார்த்துப் பெயரிட்டார்கள்.

அப்படியானால் இந்தப் பண்டமாற்றில் தமிழ் கொடுத்தது என்ன? கயிற்றையே கொடுத்தது. தமிழின் கயிறும் மலையாளத்தின் கயரும் போர்த்துக்கேயர் வாயில் 'கைரோ' ஆகி, ஆங்கிலத்தில் 'கொயர்' ஆயின. இன்று உலகச் சந்தையில் தென்னந்தும்புக்கு அதுதான் பெயர். 1340களில் மாலைதீவில் தங்கி, அங்கிருந்து இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, தேங்காய் மட்டையை ஊறவைத்து அடித்துத் திரித்த கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கப்பல் கட்டும் வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது நெகிழ்ந்து கொடுக்கும் என்பது அவர் சொன்ன காரணம். அரபுக் கப்பலுக்கு நம் கரைத் தும்பு போனது. அரபுக் கப்பலின் சொல் நம் தோணிக்கு வந்தது. யவனர் என்பதன் திரிபான சோனகர் என்ற பெயரும், முஸ்லிம்களுக்குச் சிங்களத்தில் வழங்கிய 'மரக்கல' என்ற அடைமொழியும் இந்தப் போக்குவரத்தின் தடங்களே. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை என்று தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையில் கடற்சொற்கள் கைமாறியதில் வியப்பில்லை.

நெகிழ்ந்து கொடுப்பதில்தான் கயிற்றுத் தெரிவின் சூட்சுமமும் இருக்கிறது. கப்பலைத் தைக்கவும் நங்கூரம் போடவும் தும்புக் கயிறு சிறந்தது. உப்பு நீரைத் தாங்கும், மிதக்கும், அலையின் உதறலை நீண்டு வாங்கிக்கொள்ளும். அதே நீட்சி தாமானுக்குக் குற்றம். ஓட்டி ஒரு முழம் இழுத்தால் பாய் அரை முழம்தான் அசையும். சொரசொரப்பு கையை அறுக்கும். பருத்திக் கயிறு கைக்கு இதம், ஆனால் நனைந்து காய்ந்து உக்கிவிடும். 1938இல் அறிமுகமான நைலான் வலைக்கு வரமாக வந்தது. கயிறாக அதுவும் இழுபடும், ஆகவே நங்கூரத்துக்கு ஆகும், தாமானுக்கு ஆகாது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பொலிபுரொப்பிலீன் நிறக்கயிறு நீரில் மிதக்கும். வெயிலில் நொறுங்கித் தூளாகும். நீட்சி குறைந்த பொலியெஸ்டர் பின்னல் கயிறுதான் இன்று தாமானுக்குத் தக்கது. தடிப்பைத் தீர்மானிப்பது பாரம் அல்ல, கை. சிறு தோணியின் பாய்க்கு 5 மில்லிமீற்றர் கயிறே பலம் தாங்கும். ஆனால் ஒரு மணிநேரம் பிடித்திருக்க 8 முதல் 10 மில்லிமீற்றர் வேண்டும்.

இனி அதைப் பாயில் மாட்டுவது. பாயின் மூலையை மடித்து ஒரு கண்ணியாகப் பிடியுங்கள். கயிற்று நுனியைக் கண்ணிக்குள் கீழிருந்து மேலே எடுத்து, கண்ணியின் இரண்டு கால்களையும் பின்புறமாகச் சுற்றி, முன்னால் கொண்டுவந்து கயிற்றின் அடியிலேயே செருகி இழுங்கள். பாரம் ஏற ஏற முடிச்சு இறுகும். பாய் படபடவென்று உதறினால் தளரக் கூடும் என்பதால், பின்புறச் சுற்றை இரண்டாக்குவது நல்லது. இந்த முடிச்சை வாவிக்கரையில் யாருக்கும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வலைக்காரர் ஒவ்வொரு கண்ணியிலும் போடுவது இதே அமைப்புத்தான். மருதமுனைத் தறியில் அறுந்த இழையை நெசவாளர் இணைப்பதும் இதே முடிச்சால்தான். வலை, தறி, பாய் மூன்றுக்கும் ஒரே முடிச்சு.

மறு நுனியை மட்டும் கட்டக் கூடாது. தோணியின் குறுக்குப் பலகையில் ஒரு சுற்றுப் போட்டு வாலைக் கையில் வைத்திருந்தால் போதும். பாரத்தில் பெரும்பகுதியை அந்த உராய்வே ஏற்றுக்கொள்ளும். கச்சான் திடீரென்று ஓங்கி அடிக்கும்போது விரலைத் தளர்த்தினால் கயிறு ஓடிவிடும், பாய் காற்றைக் கொட்டிவிடும். முடிச்சுப் போட்டு வைத்தவரின் தோணி, முடிச்சை அவிழ்ப்பதற்குள் கவிழ்ந்துவிடும்.

இயந்திரமும் கண்ணாடியிழைப் படகும் வந்தபின் பாய் சுருண்டது. பாயோடு இந்தச் சொற்களும் சுருண்டன. 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போன வல்வெட்டித்துறையின் அன்னபூரணியைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறோம். அத்தகைய கப்பலில் எந்தக் கயிற்றுக்கு என்ன பெயர் என்று சொல்லக்கூடியவர்கள் அருகிவிட்டார்கள். வி. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலில் இந்நாட்டு வழக்குகளைத் திரட்டித் தந்தார். அந்த வேலை வாவிக்குள்ளும் தொடர வேண்டும். உங்கள் வீட்டில் பாய்த்தோணி ஓட்டிய அப்பாவோ மூத்தப்பாவோ இருந்தால், தாமான், கோசு, ஆஞ்சான் ஆகியவற்றை அவர் எந்தப் பெயரால் அழைத்தார் என்று கேளுங்கள். ஊர்ப்பெயரோடும் கயிற்றின் இடத்தைக் காட்டும் படத்தோடும் எழுதி வையுங்கள். அகராதிக்காரர் யாரும் இனி உங்கள் துறைக்குத் தேடி வரப்போவதில்லை.