கைக்கு விலை உண்டோ?

ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் இயேசு நலமாக்கிய, கை சூம்பிய மனிதரை நாம் அறிவோம். சூம்பியது வலக்கை என்கிறார் லூக்கா. நாம் அதிகம் அறியாத செய்தியொன்றைப் புனித ஜெரோம் தமது மத்தேயு நற்செய்தி விளக்கவுரையில் குறித்து வைத்துள்ளார். நசரேயர் எனப்பட்ட யூதக் கிறிஸ்தவரிடையே வழங்கிய நற்செய்தி நூலின்படி, அம்மனிதர் ஒரு கொத்தனார். கையால் உழைத்து உண்டவர். வெட்கத்தோடு பிச்சையெடுக்கும் நிலை வராதிருக்க நலம் தருமாறு அவர் ஆண்டவரிடம் வேண்டினாராம். இது திருமுறையில் இடம்பெறாத மரபே. ஆயினும் உழைப்பாளியின் உள்ளம் இதில் தெரிகிறது. அவர் நாடியது பிச்சையன்று, பிழைப்பு.

இயந்திர யுகத்தில் கையிழந்தோர் நிலை என்னவாயிற்று? 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆலைகளின் பற்சக்கரங்களும் வார்ப்பட்டைகளும் எத்தனையோ விரல்களைப் பறித்தன. பொறிகளுக்குத் தடுப்பு வேலி வேண்டுமென 1844-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. எனினும் காயமுற்றவர் நீதிமன்றம் சென்றால், முதலாளிக்கு மூன்று கேடயங்கள் இருந்தன: ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தார், தவறு உடன் வேலை செய்தவருடையது, அவரே கவனக்குறைவாக இருந்தார். இவற்றைத் தாண்டி வென்றவர் சிலரே. 1884-இல் ஜெர்மனியும் 1897-இல் இங்கிலாந்தும் இயற்றிய சட்டங்களே, 'குற்றம் யாருடையது?' என்ற கேள்வியை விடுத்து, 'வேலையால் நேர்ந்த காயமா?' என்று கேட்கத் தொடங்கின.

இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் பிறந்தது. 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வாழ்நாள் முழுவதற்கும் உழைக்கும் திறனை முற்றிலும் இழந்தவருக்கு 42 மாத ஊதியம் அல்லது 3,500 ரூபாய், இவற்றுள் குறைந்தது எதுவோ அது இழப்பீடு. உறுப்புகளுக்கென ஓர் அட்டவணையும் இருந்தது. முழங்கையோடு வலக்கை போனால் 70 விழுக்காடு, இடக்கைக்கு 60, கட்டைவிரலுக்கு 25, ஆட்காட்டி விரலுக்கு 10. கணக்கிட்டுப் பார்த்தால், கட்டைவிரலுக்குப் பத்தரை மாத ஊதியம்! 1962-ஆம் ஆண்டுத் திருத்தம் வலம், இடம் என்ற வேறுபாட்டை நீக்கியது. கட்டைவிரலை 30 விழுக்காடாகவும் ஆட்காட்டி விரலை 14 விழுக்காடாகவும் உயர்த்தியது.

இறைவன் படைத்த கைக்கு விழுக்காட்டில் விலையா என்று நெஞ்சம் பதறலாம். ஆனால் அந்த வறண்ட அட்டவணைக்குள் ஓர் அறம் உண்டு. கையிழந்தவர் பெறுவது முதலாளியின் இரக்கமன்று, அவருக்குரிய கடன். இழப்பீட்டு உரிமையைத் துறப்பதாக எழுதித் தரும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்று அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு உரைத்தது. 2020-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இயற்றப்பட்ட பின்னும் அக்கோட்பாடு மாறவில்லை.

திருச்சபையின் போதனையும் இவ்வழியே வளர்ந்தது. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' மடலில், விபத்து, நோய், முதுமை ஆகியவற்றில் உதவத் தொழிலாளர் சங்கங்கள் நிதி திரட்டுமாறு ஊக்குவித்தார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரோ 1981-இல் வெளியிட்ட 'லபோரெம் எக்சேர்சென்ஸ்' மடலில், வேலையில் விபத்துக்குள்ளானோர்க்கான மருத்துவ உதவியையும் காப்பீட்டையும் தொழிலாளரின் உரிமைகளோடு சேர்த்தே பேசினார்.

நம் பங்குகளிலும் பிரஸ் இயந்திரத்திலும் மரம் அறுக்கும் வாளிலும் விரல் இழந்தவர்கள் இருக்கக்கூடும். மருத்துவமனைச் செலவோடு சில ஆயிரம் தந்து, தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டால், 'முதலாளி நல்லவர்' என்று நாமும் சொல்லி அமைந்துவிடுகிறோம். வின்சென்ட் தே பவுல் சபையின் அரிசி அவ்வீட்டிற்குத் தேவைதான். ஆனால் அரிசியோடு நிறுத்திக்கொண்டால், அந்தக் கொத்தனார் அஞ்சிய பிச்சையிலேயே அவரை விட்டுவிடுகிறோம். ஈ.எஸ்.ஐ. அலுவலகத்திற்கோ இழப்பீட்டு ஆணையரிடமோ அவரோடு துணைக்குச் செல்ல அன்பியத்தில் ஒருவர் முன்வரலாகாதா?

கை சூம்பியவரை இயேசு மூலையில் வைத்து நலமாக்கவில்லை. அனைவர் முன்னும் நடுவே எழுந்து நிற்கச் செய்தார். அன்று சூழ்ந்திருந்தோர் வாய் திறவாதிருந்தனர். அந்த மௌனத்தின் பின்னிருந்த பிடிவாத உள்ளமே ஆண்டவரை வருத்தியது என்கிறார் மாற்கு.