ஒரு வாட்டின் வரலாறு

1990களில் நம்மூர்க் கடைத்தெருக்களில் டேப்ரிக்கார்டர் வாங்கப் போனவர்கள் பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகளை மறந்திருக்க மாட்டார்கள். கையில் தூக்கிச் செல்லத்தக்க பெட்டியின் நெற்றியில் ஆயிரம் வாட், இரண்டாயிரம் வாட் என்று பளபளக்கும் எழுத்தில் பொறித்திருப்பார்கள். அதே பெட்டியின் முதுகில், மின்கம்பி நுழையும் இடத்தருகே, அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் சில பத்து வாட்தான் என்று சிற்றெழுத்தில் இருக்கும். முப்பது வாட்டை உண்டு ஆயிரம் வாட்டைத் தொடர்ந்து உமிழும் எந்திரம் உலகில் இல்லை. இருந்தும் நாம் நெற்றியைப் படித்தோமே தவிர முதுகைப் படிக்கவில்லை. வீட்டில் இசை கேட்பதற்கான சிறிய ஆம்ப்ளிஃபயரின் கதையை அந்த முதுகுப் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்கலாம்.

1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் மூன்று மின்முனைகள் கொண்ட வால்வை உருவாக்கியதிலிருந்து இக்கதை தொடங்குகிறது. நலிந்த மின்குறிப்பு ஒன்று வலிய மின்னோட்டத்தை ஆட்டுவிக்க அது வழிசெய்தது. ஆனால் பெருக்கியபோது ஒலியோடு திரிபும் சேர்ந்து வந்தது. அதற்கான தீர்வு 1927 ஆகஸ்ட் 2 அன்று, ஹட்ஸன் ஆற்றைக் கடக்கும் படகொன்றில் கிடைத்தது. பெல் ஆய்வகப் பொறியாளர் ஹெரால்ட் பிளாக், வெளிவரும் ஒலியின் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்வாயிலுக்கே திருப்பினால் திரிபு குறையும் என்பதைக் கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே எழுதிக்கொண்டார். பெருக்கியதில் பெரும்பகுதியை வேண்டுமென்றே இழக்கும் கருவியை எவர்தான் எளிதில் நம்புவர்? காப்புரிமை கைக்கு வர 1937 ஆயிற்று.

இந்த எதிர்ப்பின்னூட்டத்தை வீட்டு இசைக்குள் செம்மையாகக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் பிரிட்டனின் டி.டி.என். வில்லியம்சன். 1947இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் அவர் வெளியிட்ட வடிவமைப்பு 15 வாட்டை 0.1 விழுக்காட்டுக்கும் குறைந்த திரிபோடு தந்தது. ஆர்வலர் பலர் அதைத் தாமே கட்டிக்கொண்டனர். ஆனால் அந்தப் பதினைந்து வாட்டுக்கு இரும்பும் தாமிரமுமாகக் கனத்த டிரான்ஸ்ஃபார்மர்களும் தணலாய்க் காயும் வால்வுகளும் வேண்டியிருந்தன. நல்லிசை ஒரு தளவாடமாகவே இருந்தது.

அதே 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. ஆம்ப்ளிஃபயர் இளைத்தது, விளம்பர வாட்டுகளோ பெருத்தன. அமெரிக்காவில் இந்தப் போட்டி எல்லை மீறவே, தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைத் திரிபின் அளவோடு சேர்த்தே சொல்லவேண்டுமென்று 1974இல் அரசின் வணிக ஆணையம் விதி வகுத்தது. நான்காண்டுகள் கழித்து, எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்த என்.ஏ.டி. 3020 வந்தது. சொல்லிக்கொண்டது வெறும் 20 வாட். ஆனால் கடினமான ஸ்பீக்கர்களையும் இயக்க இசையின் உச்சங்களில் கணநேர இருப்பாற்றல் அதனிடம் இருந்தது. குறைத்துச் சொல்லி நிறைத்துத் தந்த அந்தச் சிறு பெட்டி உலகெங்கும் பெருவாரியாக விற்றது.

இன்றைய கையடக்கப் பெட்டிகளோ வேறொரு வழியில் வந்தவை. குழாயைப் பாதி திறந்து நீரைக் கட்டுப்படுத்துவதற்குப் பதிலாக, நொடிக்குச் சில லட்சம் முறை முழுதாய்த் திறந்து முழுதாய் மூடினால், சராசரியில் வேண்டிய அளவு கிடைக்கும். பாதி திறப்பில்தான் வெப்பம் வீணாகிறது. டி வகுப்பு எனப்படும் இம்முறையை 1964இலேயே கிளைவ் சின்கிளேரின் நிறுவனம் எக்ஸ்-10 என்ற பெயரில் விற்க முயன்றது. அன்றைய டிரான்சிஸ்டர்களுக்கு அந்த வேகம் கைகூடவில்லை. அடுத்த தலைமுறையில் அதைச் சாதித்தவற்றுள் ஒன்று, ஆத்ய திரிபாதி கலிஃபோர்னியாவில் தொடங்கிய டிரைபாத் நிறுவனம். 1998இல் வந்த அதன் டி.ஏ.2020 சில்லும், அதன் சிறிய உடன்பிறப்பும் ஆர்வலர்களை வியக்கவைத்தன. 2000களின் நடுவில், அந்தச் சிறிய சில்லைக் கொண்டு 40 டாலருக்குள் விற்ற ஒரு பிளாஸ்டிக் பெட்டியை, பலமடங்கு விலையுள்ள கருவிகளோடு ஒப்பிட்டு விவாதித்தார்கள். 2007இல் டிரைபாத் திவாலானது. இரண்டாண்டு கழித்து, உலகை உலுக்கிய இருபத்தைந்து சில்லுகளின் பட்டியலில் ஐ.ஈ.ஈ.ஈ. ஸ்பெக்ட்ரம் இதழ் டி.ஏ.2020ஐச் சேர்த்தது. பாராட்டு வந்தபோது பெற்றுக்கொள்ள நிறுவனம் இல்லை.

வாங்கப்போகும் நமக்கு இவ்வரலாறு என்ன சொல்கிறது? மறுபடியும் முதுகைப் படிக்கவே சொல்கிறது. நெற்றியில் 50+50 வாட் என்றிருக்கும். கூட வரும் அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருக்கும். பெருக்கிப் பார்த்தால் மொத்தமே 24 வாட். 12 வோல்ட்டில் இயங்கும் இத்தகைய சில்லு 8 ஓம் ஸ்பீக்கருக்குத் திரிபின்றித் தரக்கூடியது, எப்படிக் கூட்டினாலும், பக்கத்துக்கு 9 வாட் அளவே. 24 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் இருந்தால் கணக்கு வேறு.

ஆனால் 9 வாட் குறைவா? ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தொலைவில், 87 டெசிபல் தரும் ஸ்பீக்கர் 9 வாட்டில் 96 டெசிபலைத் தாண்டும். சிற்றறைக்கு அது தாராளம். வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான்; காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்துமடங்கு ஆற்றல் வேண்டும். ஆகவே பணத்தை வாட்டில் போடுவதைவிட நல்ல ஸ்பீக்கரில் போடுவதே அறிவு. நாம் இரவில் கேட்கும் வாய்ப்பாட்டு பெரும்பாலும் ஒரு வாட்டைக்கூடத் தொடுவதில்லை.

பொருத்தும்போது கவனிக்கவேண்டியவை சில. இரு ஸ்பீக்கர்களுக்கும் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று கம்பி செல்லவேண்டும். ஒன்று மாறினாலும் தாழ்சுருதி ஒன்றையொன்று தின்றுவிடும். இவ்வகைச் சில்லுகள் பெரும்பாலானவற்றில் கறுப்பு முனையிலும் மின்குறிப்பு ஓடுவதால், இரு கறுப்பு முனைகளையும் ஒன்றாய் இணைத்தல் கூடவே கூடாது; சில்லு கருகக்கூடும். ஸ்பீக்கர்களும் நாமும் ஏறத்தாழச் சமபக்க முக்கோணத்தில் அமரவேண்டும். ஸ்பீக்கரை மூலையில் நெருக்கினால் தாழ்சுருதி வீங்கும். சிறிது முன்னே இழுத்தால் குரல் தெளியும். இதற்குக் காசு எதுவும் வேண்டியதில்லை, பொறுமை போதும்.

வில்லியம்சனின் பதினைந்து வாட்டுக்கு மேசை நிறையக் கனம் வேண்டியிருந்தது. இன்று ஏறக்குறைய அதே ஆற்றல் ஒரு நூலின் அளவில் புத்தக அலமாரியிலேயே அடங்குகிறது. இடைப்பட்ட காலத்தில் மாறாதது காது ஒன்றே. அடுத்தமுறை கடைக்குப் போகும்போது பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நமக்கு நன்கு பழகிய ஒரு பாடலைத் தாழ்ந்த ஒலியில் வைக்கச் சொல்லிக் கேட்போம். தம்புராவின் சுருதி அப்போதும் தெளிவாகக் கேட்டால், நெற்றியில் எழுதியிருப்பது எதுவாயினும் இருந்துவிட்டுப் போகட்டும்.